டயலிசிஸுக்கு முன்பா, பிறகா: சீனி வருத்தத்தோடு சிறுநீரகமும் தளர்ந்தவருக்குக் கொழுப்பு மாத்திரை

மொத்தக் கொலஸ்ட்ரோல் 188. நல்ல கொலஸ்ட்ரோல் எனப்படும் எச்.டி.எல். 34. இரத்தத்தில் ஓடும் இன்னொரு கொழுப்பான ட்ரைகிளிசரைட் 310. கெட்ட கொலஸ்ட்ரோல் எனப்படும் எல்.டி.எல். 92. ஆளுக்கு வயது 56, பல வருடமாகச் சீனி வருத்தம், சிறுநீரகம் எவ்வளவு வடிகட்டுகிறது என்று காட்டும் இ.ஜி.எஃப்.ஆர். 24. உதாரணத்துக்கு நான் போட்ட கணக்குத்தான், ஆனால் இதைப் போன்ற ரிப்போர்ட்டுகள் ஹற்றனில் நான் வேலை செய்யும் பாமசிக்கு அடிக்கடி வருகின்றன. கொண்டுவருபவர்கள் இரண்டு கேள்வி கேட்பார்கள். "கொலஸ்ட்ரோல் 200க்குள்ளதானே இருக்கு, பிறகு எதுக்குக் கொழுப்பு மாத்திரை எழுதியிருக்காங்க?" என்பது ஒன்று. "ட்ரைகிளிசரைட்டுக்குப் பக்கத்துல கோடு போட்டிருக்கு, அதுக்கு ஏன் ஒண்ணும் தரல்ல?" என்பது மற்றது.

கேள்விகள் நியாயமானவைதான். ஆனால் இரண்டுமே ரிப்போர்ட்டில் உள்ள எண்ணை வைத்து முடிவெடுக்கப் பார்க்கின்றன. சிறுநீரகம் இவ்வளவு தளர்ந்த பிறகு, முடிவு எண்ணில் இல்லை. நோயாளி எந்தக் கட்டத்தில் நிற்கிறார் என்பதில் இருக்கிறது. டயலிசிஸ் (சிறுநீரகத்துக்குப் பதிலாக இரத்தத்தைச் சுத்தம் செய்யும் சிகிச்சை) தொடங்காதவர், டயலிசிஸில் இருப்பவர், மாற்றுச் சிறுநீரகம் பொருத்தியவர் ஆகிய மூவருக்கும் ஒரே ரிப்போர்ட் வந்தாலும் பதில் மூன்று விதமாக இருக்கும்.

ரிப்போர்ட் ஏன் ஏமாற்றுகிறது

இரத்தத்தில் வரும் ட்ரைகிளிசரைட்டை உடைத்துத் தசைக்கும் கொழுப்புத் திசுவுக்கும் கொடுக்கும் வேலையை லிப்போபுரோட்டீன் லைபேஸ் என்ற நொதி செய்கிறது. சிறுநீரகம் தளரும்போது இந்த நொதி மந்தமாகிவிடும். அதன் கையைக் கட்டிப்போடும் அப்போ-சி3 என்ற புரதமும் இரத்தத்தில் கூடிவிடும். இன்னொரு பக்கம், இன்சுலின் சரியாக வேலை செய்யாத உடம்பில் ஈரல் தேவைக்கு மேல் ட்ரைகிளிசரைட்டைச் செய்து அனுப்பிக்கொண்டே இருக்கும். வரவு கூடி, செலவு குறைகிறது. அதனால்தான் ட்ரைகிளிசரைட் 250, 300 என்று நிற்கிறது, எச்.டி.எல். 35க்குக் கீழே போகிறது.

எல்.டி.எல். பெரும்பாலும் நடுத்தரமாகவே இருக்கும். 92 என்று பார்த்து நிம்மதி அடையலாம் போலத் தோன்றும். ஆனால் அந்த 92க்குள் இருக்கும் துகள்கள் சிறியவை, அடர்த்தியானவை; இரத்தக் குழாயின் சுவருக்குள் சுலபமாக நுழையக்கூடியவை. சாதாரண லிப்பிட் ரிப்போர்ட் எத்தனை மில்லிகிராம் என்று மட்டும் சொல்லும், எந்த ரகம் என்று சொல்லாது.

சிறுநீர் நுரைத்து நுரைத்துப் போகிறவர்கள் கதை வேறு. சீனி வருத்தத்தால் சிறுநீரகம் கெடும்போது நிறையப் புரதம் சிறுநீரில் போகும். அந்த இழப்பை ஈடுகட்ட ஈரல் முனையும்போது கொலஸ்ட்ரோல் சுமக்கும் துகள்களும் கூடச் சேர்ந்து வெளியே வரும். அப்போது எல்.டி.எல். 160, 180 என்று ஏறும். கிரியேட்டினின் (சிறுநீரகம் தளர்ந்தால் இரத்தத்தில் ஏறும் கழிவு) ஒரே அளவாக இருக்கும் இருவரில் ஒருவருக்கு எல்.டி.எல். 90, மற்றவருக்கு 180 என்று வருவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். பதுளை மாவட்டத்தில் கிராந்துருகோட்டைப் பக்கம் பேசப்படுகிற, காரணம் தெளிவாகாத சிறுநீரக நோயில் புரதம் இப்படிப் போவதில்லை. அது வேறு நோய்; அந்த நோயாளிகளுக்குச் சொன்னதை எடுத்துச் சீனி வருத்தக்காரருக்குப் பொருத்தக் கூடாது.

டயலிசிஸ் தொடங்கியதும் எண்கள் மறுபடி தலைகீழாகும். பசி குறைந்து, உடம்பு மெலிந்து, மொத்தக் கொலஸ்ட்ரோல் 130, 120 என்று தானாகவே இறங்கலாம். வீட்டில் சந்தோஷப்படுவார்கள். ஆனால் டயலிசிஸ் நோயாளிகளில் கொலஸ்ட்ரோல் மிகக் குறைந்தவர்கள்தான் அதிகம் இறக்கிறார்கள் என்று திரும்பத் திரும்பப் பதிவாகியிருக்கிறது. கொலஸ்ட்ரோல் குறைந்ததால் இறக்கிறார்கள் என்று இதற்கு அர்த்தமில்லை. போசாக்குக் குறைவும் உடம்புக்குள் ஓயாத அழற்சியும் கொலஸ்ட்ரோலையும் இறக்குகின்றன, உயிரையும் வாங்குகின்றன. ஆகவே 120ஐப் பார்த்தால் முதலில் கேட்க வேண்டியது எடை எவ்வளவு, இரத்தப் புரதமான அல்புமின் எவ்வளவு என்பதைத்தான்.

டயலிசிஸுக்கு முன்: இப்போதே தொடங்குவதா, பொறுத்துப் பார்ப்பதா

இதில் எனக்குச் சந்தேகமே இல்லை: இப்போதே தொடங்குவதுதான் சரி.

2011இல் வெளியான ஷார்ப் ஆய்வில் 9,270 சிறுநீரக நோயாளிகள் இருந்தார்கள். அவர்களில் 3,023 பேர் டயலிசிஸில் இருந்தவர்கள், மீதி 6,247 பேர் டயலிசிஸ் தொடங்காதவர்கள். ஒரு பகுதியினருக்குச் சிம்வாஸ்டாட்டின் 20 மில்லிகிராமும் எஸெடிமைப் 10 மில்லிகிராமும் சேர்த்துக் கொடுத்தார்கள், மற்றவர்களுக்கு வெறும் மாத்திரை. ஏறக்குறைய 5 வருடம் கழித்துப் பார்த்தபோது மாரடைப்பு, அடைப்பால் வரும் பக்கவாதம், இரத்தக் குழாய் அடைப்பை நீக்கும் சிகிச்சை ஆகியவை மருந்து எடுத்தவர்களில் 11.3 சதவீதத்தினருக்கு வந்திருந்தன, எடுக்காதவர்களில் 13.4 சதவீதத்தினருக்கு. ஆறில் ஒரு பங்கு குறைவு. பெரிய அதிசயம் இல்லைதான், ஆனால் ஒரு மலிவான மாத்திரைக்கு இது நல்ல வரவு.

கேடிகோ என்ற சர்வதேசச் சிறுநீரக வழிகாட்டுக் குழு 2013இல் சொன்னதும் இதுதான். 50 வயதும் அதற்கு மேலும், இ.ஜி.எஃப்.ஆர். 60க்குக் கீழ், டயலிசிஸ் இல்லை என்றால் ஸ்டாட்டின் (சிம்வாஸ்டாட்டின், அட்டோர்வாஸ்டாட்டின் போன்ற கொழுப்பு மாத்திரை) அல்லது ஸ்டாட்டினோடு எஸெடிமைப். 50க்குக் கீழே உள்ளவர்களுக்கும் சீனி வருத்தம் இருந்தால் ஸ்டாட்டின் பொருத்தம். கவனியுங்கள், இதில் எல்.டி.எல். இத்தனைக்கு மேல் என்ற நிபந்தனை இல்லை. சீனி வருத்தமும் தளர்ந்த சிறுநீரகமும் சேர்ந்தாலே இதயத்துக்கு ஆபத்து போதுமான அளவு வந்துவிட்டது என்பதுதான் அடிப்படை. முதல் கேள்விக்கு, 188 இருக்கும்போது எதற்கு மாத்திரை என்பதற்கு, பதில் இதுவே.

பொறுத்துப் பார்க்கலாம் என்பவர்கள் சொல்லும் காரணம் பெரும்பாலும் பயம். "இருக்கிற மாத்திரையே கிட்னிக்குப் பாரம், இன்னொன்றா?" ஷார்ப் ஆய்வில் அந்த மாத்திரைகள் சிறுநீரகத்தைக் கெடுக்கவில்லை. காப்பாற்றவும் இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். டயலிசிஸைத் தள்ளிப்போடும் என்று நம்பி யாரும் எடுக்க வேண்டாம். சீனியை ஸ்டாட்டின் கொஞ்சம் ஏற்றும் என்பது உண்மை, ஆனால் ஏற்கெனவே சீனிக்கு மருந்து எடுப்பவருக்கு அது பெரிய விஷயம் இல்லை. எனக்கு எரிச்சல் வருவது வேறு இடத்தில். கொழுப்பு மாத்திரை கிட்னியை அடிக்கும் என்று ஒதுக்கிவிட்டு, மலையேறி இறங்கிய கால்வலிக்கு டைக்ளோபெனாக் அட்டை ஒன்று தாங்க என்று அதே ஆள் கேட்பார். இந்த இரண்டில் சிறுநீரகத்தை உண்மையில் அடிப்பது டைக்ளோபெனாக்தான். கிரியேட்டினின் ஏறியவர் அதையும் ஐபுப்ரோபெனையும் தொடவே கூடாது.

தோட்டத்தில் தண்ணீர் வடியக் கான் வெட்டுவது மழைக்கு முன்பு. சரிவு இறங்கின பிறகு கான் வெட்டி என்ன பயன்? டயலிசிஸ் நோயாளிகளிடம் நடந்த ஆய்வுகளைப் படித்தால் இது இன்னும் உறைக்கும்.

டயலிசிஸில்: புதிதாகத் தொடங்குவதா, தொடர்வதா, நிறுத்துவதா

ஜெர்மனியில் நடந்த 4டி ஆய்வு, 2005இல் வெளியானது, நம் விஷயத்துக்கு நேராகப் பொருந்துகிறது. அதில் இருந்த 1,255 பேரும் இரண்டாம் வகை நீரிழிவோடு இரத்த டயலிசிஸில் இருந்தவர்கள். பாதிப் பேருக்கு அட்டோர்வாஸ்டாட்டின் 20 மில்லிகிராம். எல்.டி.எல். 42 சதவீதம் விழுந்தது. ரிப்போர்ட்டை மட்டும் பார்த்தால் அமோக வெற்றி. ஆனால் இதயச் சாவு, மாரடைப்பு, பக்கவாதம் எல்லாம் சேர்த்துக் கணக்கிட்டபோது மருந்து எடுத்தவர்களில் 37 சதவீதம், எடுக்காதவர்களில் 38 சதவீதம். வித்தியாசமே இல்லை என்று வைத்துக்கொள்ளலாம். உயிரைக் கொண்டுபோகும் பக்கவாதம் மட்டும் மருந்துப் பக்கம் இரண்டு மடங்காக இருந்தது: 27 பேர், மறுபக்கம் 13. எண்ணிக்கை சிறியது, தற்செயலாகவும் இருக்கலாம், ஆனாலும் யோசிக்க வைக்கிறது.

ஒருவேளை மருந்து போதவில்லையோ என்று நினைத்தால், 2009இல் அரோரா ஆய்வு வந்தது. 25 நாடுகள், சுமார் 2,800 டயலிசிஸ் நோயாளிகள், ரோசுவாஸ்டாட்டின் 10 மில்லிகிராம். எல்.டி.எல். மறுபடி 40 சதவீதத்துக்கு மேல் விழுந்தது. பலன் மறுபடி இல்லை.

எல்.டி.எல். விழுந்தும் ஏன் உயிர் தப்பவில்லை? டயலிசிஸ் நோயாளியின் இதயம் நிற்பதற்குக் கொழுப்பு அடைப்பு ஒன்றுதான் காரணம் என்றில்லை. இரண்டு டயலிசிஸுக்கு இடையில் பொட்டாசியம் ஏறி இறங்கும், தண்ணீர் சேரும், இதயச் சுவர் தடித்திருக்கும், குழாய்களின் சுவரில் கல்சியம் படிந்திருக்கும். பலருக்குத் திடீரென்று இதயத் துடிப்பு குழம்பியே முடிவு வருகிறது. ஸ்டாட்டின் தடுக்கத் தெரிந்தது வேறு வகை மாரடைப்பை. இங்கே அந்த வகை குறைவு.

இதனால்தான் கேடிகோ வழிகாட்டி இரண்டு விதமாகப் பேசுகிறது. டயலிசிஸில் இருப்பவருக்குப் புதிதாக ஸ்டாட்டின் தொடங்கத் தேவையில்லை. ஆனால் டயலிசிஸ் தொடங்கும் நாளிலேயே ஒருவர் ஸ்டாட்டின் எடுத்துக்கொண்டிருந்தால் அதைத் தொடரலாம். முரண்பாடு போலத் தோன்றும். ஷார்ப் ஆய்வில் டயலிசிஸ் இல்லாமல் சேர்ந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் ஆய்வு நடக்கும்போதே டயலிசிஸுக்குப் போனார்கள், மருந்தும் தொடர்ந்தது, மொத்தப் பலனும் வந்தது. எனவே முன்பு தொடங்கியதை அந்த நாளில் வெட்டிவிடக் காரணம் இல்லை என்பதே வாதம். பலமான சான்று என்று சொல்ல மாட்டேன். ஆனால் நியாயமான வாதம்.

என் கருத்து இப்படி. ஏற்கெனவே மாரடைப்பு வந்தவர், ஸ்டென்ட் வைத்தவர், காலில் இரத்த ஓட்டம் அடைபட்டவர் என்றால் டயலிசிஸ் வந்தாலும் மாத்திரையை விடாமல் இருப்பது நல்லது. இதய நோய் எதுவும் இல்லாமல், டயலிசிஸுக்குப் போய் ஒரு வருடம் ஆன பிறகு, எல்.டி.எல். 90 இருக்கிறதே என்று புதிதாகத் தொடங்கச் சொன்னால், அந்த டொக்டரிடம் ஏன் என்று மரியாதையோடு கேட்கலாம். எல்.டி.எல். 145க்கு மேலே நிற்பவர் விதிவிலக்காக இருக்கலாம். 4டி ஆய்வின் தரவைப் பிறகு பிரித்துப் பார்த்தபோது அப்படிப்பட்டவர்களிடம் மட்டும் பலன் தெரிந்தது. பிறகு பிரித்துப் பார்த்த கணக்குக்கு உள்ள பலம் அவ்வளவுதான், இருந்தாலும் பேசிப் பார்க்கத் தகுந்த காரணம்.

நிறுத்துவது எப்போது சரி? வயது கூடி, படுக்கையில் விழுந்து, நாளைக்குப் பதினைந்து மாத்திரை விழுங்க முடியாமல் சாப்பாட்டையே வெறுக்கும் ஒருவருக்கு எதைக் குறைக்கலாம் என்று பார்த்தால், நான் முதலில் கைகாட்டும் மாத்திரைகளில் ஸ்டாட்டினும் ஒன்று. பிரஷர் மாத்திரையையோ பொஸ்பேட்டைக் கட்டுப்படுத்தும் மாத்திரையையோ அப்படிச் சட்டென்று தொட முடியாது. ஆனால் இதைக் கிளினிக்கில் பேசித்தான் செய்ய வேண்டும். சாப்பாட்டோடு எடுக்கும் பொஸ்பேட் மாத்திரைகளில் செவலமர் என்ற வகை எல்.டி.எல்.லையும் சேர்த்தே இறக்கும். அதை எடுப்பவருக்கு ஸ்டாட்டின் தேவை இன்னும் குறைவு.

வயிற்றின் வழியாக வீட்டில் செய்யும் டயலிசிஸ் எடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அந்தத் திரவத்தில் உள்ள குளுக்கோஸ் உடம்புக்குள் போகிறது, அதனால் ட்ரைகிளிசரைட்டும் எல்.டி.எல்.லும் இரத்த டயலிசிஸில் இருப்பவரைவிடக் கூடுதலாக நிற்கும். வாரத்துக்குப் பல தடவை கண்டிக்கோ பதுளைக்கோ பஸ் ஏற முடியாத தோட்டக் குடும்பத்துக்கு இந்த முறை வசதியானது. கொழுப்பு கூடும் என்பதற்காக அதை வேண்டாம் என்று சொல்ல மாட்டேன்.

எந்த மாத்திரை

அட்டோர்வாஸ்டாட்டின் 20 மில்லிகிராம். மற்றவற்றைப் பேசுவதற்கு முன்பே முடிவைச் சொல்லிவிட்டேன், காரணம் எளிது. அது பெரும்பாலும் ஈரல் வழியாகவே வெளியேறுகிறது, சிறுநீரகம் எவ்வளவு தளர்ந்தாலும் அளவை மாற்ற வேண்டியதில்லை. டயலிசிஸ் இயந்திரம் அதைக் கழுவிக்கொண்டு போவதும் இல்லை, ஆகவே டயலிசிஸ் நாளில் முன்பு எடுப்பதா பின்பு எடுப்பதா என்ற குழப்பம் இல்லை. காலையோ இரவோ எந்த நேரமும் எடுக்கலாம். அரச கிளினிக்கில் பெரும்பாலும் இலவசமாகக் கிடைப்பதும் இதுதான். 40, 80 என்று ஏற்றுவதை, இதய டொக்டர் தனிக் காரணம் சொன்னால் ஒழிய, இந்தக் கட்டத்தில் நான் விரும்புவதில்லை. தளர்ந்த சிறுநீரகக்காரரிடம் சோதித்த அளவு 20தான்.

ரோசுவாஸ்டாட்டின் மில்லிகிராமுக்கு மில்லிகிராம் பலமானது. வெளியே டொக்டரிடம் காட்டியவர்கள் பலர் இதோடு வருவார்கள். கிரியேட்டினின் கிளியரன்ஸ் 30க்குக் கீழே போனால் 5 மில்லிகிராமில் தொடங்கி 10ஐத் தாண்டக் கூடாது. 20 மில்லிகிராம் என்று எழுதிய துண்டோடு இ.ஜி.எஃப்.ஆர். 18 உள்ளவர் வந்து நின்றால், எழுதிய டொக்டருக்கு ஒரு அழைப்பு எடுக்காமல் நான் கொடுப்பதில்லை.

சிம்வாஸ்டாட்டினும் எஸெடிமைபும் சேர்ந்ததற்குத்தான் ஷார்ப்பின் நேரடிச் சான்று இருக்கிறது. அந்த வகையில் அது முதலிடத்துக்கு உரியது. நடைமுறையில் எஸெடிமைப் பெரும்பாலும் காசு கொடுத்து வாங்க வேண்டியது, சிம்வாஸ்டாட்டினை இரவில் எடுக்க வேண்டும், மற்ற மருந்துகளோடு சண்டையும் அதிகம். பிரஷர் மாத்திரைகளில் அம்லோடிபின் எடுப்பவருக்குச் சிம்வாஸ்டாட்டின் 20ஐத் தாண்டக் கூடாது, டில்டியாசெம் எடுப்பவருக்கு 10. சிறுநீரக நோயாளிகளில் அம்லோடிபின் எடுக்காதவரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். எஸெடிமைப்பை அட்டோர்வாஸ்டாட்டினோடு சேர்ப்பது நல்ல வழி, அதற்கும் சிறுநீரகத்துக்காக அளவு குறைக்க வேண்டியதில்லை. கையில் வசதி இருந்து, எல்.டி.எல். இன்னும் உயர்ந்து நின்றால்.

தசைவலி பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். நாள் முழுக்கக் கொழுந்துக் கூடையைச் சுமந்து சரிவில் நிற்பவருக்கு உடம்புவலி இல்லாத நாள் எது? ஒரு முழங்கால், ஒரு பக்க இடுப்பு, குனிந்தால் முதுகு, இவை வேலையின் வலி. ஸ்டாட்டினின் வலி பெரும்பாலும் இரண்டு தொடையிலும் அல்லது இரண்டு தோளிலும் ஒரே மாதிரி, மாத்திரை தொடங்கி வாரக் கணக்கில் அல்லது அளவு ஏற்றிய பிறகு புதிதாக வரும். படி ஏறக் கால் தூக்க முடியாத அளவு பலவீனம், சாயத் தேத்தண்ணி நிறத்தில் சிறுநீர் என்றால் மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். தைரோயிட் குறைந்தவர்களுக்கு இந்த வலி சுலபமாக வரும். அவர்களுடைய எல்.டி.எல். ஏறியிருப்பதற்கே தைரோயிட்தான் காரணமாகவும் இருக்கும், ஆகவே தைரோயிட் பரிசோதனையான டி.எஸ்.எச். ஒரு தடவை பார்ப்பது காசுக்குப் பிரயோசனம். நெஞ்சுச் சளிக்கு வெளியே கிளாரித்ரோமைசின் என்ற அன்டிபயோட்டிக் எழுதினால், அந்தக் கோர்ஸ் முடியும்வரை அட்டோர்வாஸ்டாட்டினை என்ன செய்வது என்று கேட்காமல் விடாதீர்கள்.

சிவப்புக் கோடு போட்ட ட்ரைகிளிசரைட்

இரண்டாவது கேள்வி. 310க்கு ஏன் மாத்திரை இல்லை? ட்ரைகிளிசரைட்டை இறக்கும் முக்கிய மாத்திரை பெனோபைப்ரேட். இந்த நோயாளிக்கு அது பொருந்தாது. அது சிறுநீரகம் வழியாக வெளியேறுவது, சிறுநீரகம் தளர்ந்தால் உடம்பில் தேங்கும், கிரியேட்டினினையும் ஏற்றும். கடுமையான சிறுநீரகச் செயலிழப்பில் அதைக் கொடுக்கவே கூடாது என்பது விதி. அதே வகையைச் சேர்ந்த ஜெம்பைப்ரோசிலை ஸ்டாட்டினோடு சேர்த்தால் தசை கரைந்து மிச்சமிருக்கும் சிறுநீரகமும் போகலாம். சிறுநீரகம் நன்றாக இருந்த காலத்தில் எழுதிய பெனோபைப்ரேட்டைப் பழைய துண்டை வைத்து இன்னும் வாங்குகிறவர்கள் உண்டு. அந்தத் துண்டை இந்தக் கிழமையே கிளினிக்கில் காட்டுங்கள்.

310 என்பது அவசரமும் அல்ல. ஆயிரத்தை நெருங்கினால்தான் கணைய அழற்சி என்ற உடனடி ஆபத்து வருகிறது. அதற்குக் கீழே, முதலில் சீனியைக் கட்டுப்படுத்துவதுதான் மருந்து. சாராயம், கசிப்பு எடுப்பவர் அதை விட்டாலே எண் வேகமாக இறங்கும். ஒன்று மட்டும் தெரிந்திருக்க வேண்டும்: ட்ரைகிளிசரைட் 400ஐத் தாண்டினால், கணக்குப் போட்டு எழுதும் எல்.டி.எல். எண்ணை நம்ப முடியாது. நேரடியாக அளந்த எல்.டி.எல். கேட்க வேண்டும். சில லேப்கள் மில்லிகிராமில் தருகின்றன, சில மில்லிமோலில். கொலஸ்ட்ரோல் 5.2 மில்லிமோல் என்றால் 200 மில்லிகிராம். 5.2ஐப் பார்த்துச் சீனி அளவு என்று நினைத்தவர்களும் இருக்கிறார்கள்.

சாப்பாட்டில் எதைக் கைவிடுவது

மருந்தில் எடுக்கும் முடிவைவிடச் சாப்பாட்டில் எடுக்கும் முடிவு கஷ்டமானது. மூன்று பத்தியச் சீட்டுகள் ஒரே ஆளின் கையில் இருக்கும். சீனி வருத்தத்துக்குத் தந்தது கீரை, பருப்பு நிறையச் சாப்பிடு என்கிறது. சிறுநீரகத்துக்குத் தந்தது கீரையில் பொட்டாசியம், குறை என்கிறது. கொழுப்புக்குத் தந்தது தேங்காயை விடு என்கிறது. மூன்றையும் கேட்டால் மிஞ்சுவது வெறும் சோறும் பிளேன்டீயும்தான்.

இங்கே வரிசை முக்கியம். டயலிசிஸில் இருப்பவருக்கு முதலில் பொட்டாசியம், தண்ணீர், உப்பு. அடுத்து போதுமான புரதம். சீனிக் கட்டுப்பாடு கூடவே வரும். கொழுப்புப் பத்தியம் கடைசி. முட்டை வெள்ளைக்கரு, மீன், தோல் நீக்கிய கோழி ஆகியவற்றைக் கொழுப்புக்குப் பயந்து நிறுத்தி மெலிந்துபோனவர்களுக்கு அது நன்மையல்ல. டயலிசிஸ் இன்னும் தொடங்காதவருக்குப் புரதத்தை அளவோடு வைக்கச் சொல்வார்கள், ஆகவே ஒருவருக்குச் சொன்னதை மற்றவர் பின்பற்றக் கூடாது.

தோட்டத்துச் சாப்பாட்டில் ட்ரைகிளிசரைட்டை ஏற்றுவது தேங்காய் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். தேங்காய் எண்ணெயும் பாம் எண்ணெயும் எல்.டி.எல்.லை ஏற்றும், சரி. ஆனால் ட்ரைகிளிசரைட்டை ஏற்றுவதில் கோதுமை மா ரொட்டிக்கும் சீனி போட்ட தேத்தண்ணிக்கும்தான் பெரிய கை இருக்கிறது. காலையில் ரொட்டி, பகல் மலைக்கு ரொட்டி, அதோடு நாளைக்கு ஐந்து ஆறு கோப்பை தேத்தண்ணி. ஒவ்வொரு கோப்பையிலும் இரண்டு கரண்டி சீனியென்றால் கூட்டிப் பாருங்கள். ரொட்டியில் ஒன்றைக் குறைத்து, தேத்தண்ணியில் சீனியை விட்டால் 310 எந்த மாத்திரையும் இல்லாமல் இறங்கத் தொடங்கும். கட்டசம்பலையும் கருவாட்டையும் உப்புக்காகவே குறைக்க வேண்டியிருக்கிறது. நுவரெலியாப் பக்கத்து மரக்கறியில் கோவாவும் கரட்டும் பயப்படத் தேவையில்லாதவை, உருளைக்கிழங்கையும் பீட்ரூட்டையும் நறுக்கி நிறையத் தண்ணீரில் அவித்துத் தண்ணீரைக் கொட்டிவிட்டுச் சமைத்தால் பொட்டாசியம் குறையும். செவ்விளநீர் வேண்டாம்.

இன்னும் இரண்டு காய்களைக் கட்டாயம் சொல்ல வேண்டும். காமரங்காய் சீனியைக் குறைக்கும், பிலிங்காய்ச் சாறு கொழுப்பைக் கரைக்கும் என்று வீட்டு வைத்தியமாகப் பலர் சொல்லிக் கொடுப்பார்கள். இரண்டிலும் ஒக்ஸலேட் மிக அதிகம்; நல்ல சிறுநீரகத்தையே திடீரென்று செயலிழக்கச் செய்த சம்பவங்கள் கேரளத்திலும் இலங்கையிலும் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. காமரங்காயில் மூளையைத் தாக்கும் நச்சும் இருக்கிறது. சிறுநீரகம் தளர்ந்தவருக்கு அது வெளியேறாமல் தங்கி, நிற்காத விக்கல், குழப்பம், வலிப்பு என்று போய் உயிரையே எடுத்திருக்கிறது. கொழுப்பு மாத்திரை வேண்டாம் என்று சொல்லிவிட்டு இந்தச் சாற்றைக் குடிப்பதுதான் இந்தக் கட்டுரையில் உள்ள எல்லாத் தெரிவுகளிலும் மிக மோசமானது.

மாற்றுச் சிறுநீரகம் பொருத்தியவர்

இவர்களுக்கு மறுபடி ஸ்டாட்டின் பொருத்தம். 2003இல் வெளியான அலர்ட் ஆய்வில் 2,102 பேருக்கு ஃபுளுவாஸ்டாட்டினை வெறும் மாத்திரையோடு ஒப்பிட்டார்கள். திட்டமிட்ட மொத்தக் கணக்கில் வித்தியாசம் உறுதியாகவில்லை, ஆனால் இதயச் சாவும் மாரடைப்பும் மட்டும் சேர்த்துப் பார்த்தால் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. பொருத்திய சிறுநீரகத்தை உடம்பு ஒதுக்காமல் இருக்கக் கொடுக்கும் சைக்ளோஸ்போரின் எடுப்பவர் சிம்வாஸ்டாட்டினைத் தொடக் கூடாது, அட்டோர்வாஸ்டாட்டின் 10ஐத் தாண்டக் கூடாது, ரோசுவாஸ்டாட்டின் 5. அதே வேலைக்குக் கொடுக்கும் டக்ரோலிமஸில் இந்தச் சண்டை குறைவு. கண்டியில் பொருத்திக்கொண்டு வந்தவர் ஊர் டிஸ்பென்சரியில் காட்டும்போது இந்த மருந்துப் பெயரை முதலில் சொல்ல வேண்டும்.

எத்தனை தடவை லிப்பிட் ரிப்போர்ட் எடுப்பது? ஆரம்பத்தில் ஒன்று, அளவு சரியாகப் போட்ட பிறகு பெரும்பாலானவர்களுக்குத் திரும்பத் திரும்ப எடுக்கத் தேவையில்லை என்பதே கேடிகோ சொல்வது. எண்ணைத் துரத்தி அளவை ஏற்றுவது நோக்கமல்ல. வெளியே கட்டும் அந்தக் காசைப் பொட்டாசியம், ஹீமோகுளோபின் பார்ப்பதற்கு வையுங்கள்.

கடைசியாக, என் கவுண்டரில் நான் அடிக்கடி பிடிக்கும் ஒரு விஷயம். கிளினிக்கில் கொடுத்த வெள்ளை மாத்திரை தீர்ந்து, வெளியே இன்னொரு பெயரில் வாங்கி, அடுத்த மாதம் கிளினிக்கில் மறுபடி கிடைத்ததும் இரண்டையும் சேர்த்து விழுங்குகிறார்கள். இரண்டும் அட்டோர்வாஸ்டாட்டின்தான். 2022இல் மருந்துத் தட்டுப்பாடு வந்த காலத்தில் ஒரு மாதம் ஒரு கம்பனி, அடுத்த மாதம் வேறு கம்பனி என்று மாறி மாறி வந்தபோது இது அதிகமாக நடந்தது. பெட்டியில் பெரிய எழுத்தில் உள்ள கம்பனிப் பெயரை விட்டுவிட்டு, கீழே சின்ன எழுத்தில் உள்ள மருந்துப் பெயரைக் கிளினிக் கொப்பியில் உள்ளதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வாசிக்கச் சிரமமென்றால் எல்லா அட்டைகளையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு பாமசிக்கு வாருங்கள், நாங்கள் பிரித்துத் தருவோம். அதற்குக் காசு இல்லை.